மலை இன்று எப்படி இருக்கிறது?

மலையடிவாரத்தில் உள்ள ராயகிரியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேற்கே முகட்டில் மழை கொட்டும். சற்று நேரத்தில் அது காட்டாறாக இறங்கும். ஓடையில் கால் வைத்தவர் தலைமேல் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்காது. வெள்ளம் மட்டும் வந்து சேர்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் மலைக்குப் போனவர்கள் பிழைப்புக்காகப் போனவர்கள். விறகு, தேன், கடுக்காய், மாடு மேய்ச்சல். ஓடையில் இறங்கும் முன் முகட்டைப் பார்ப்பார்கள். இருட்டிக்கொண்டு வந்தால் இக்கரையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். தெளிந்த நீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வாசுதேவநல்லூர் தலையணைப் பகுதியில் வாழும் பளியர் பழங்குடியினருக்கு இது பாடம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமல்ல.

இன்று மலையேறுபவர் இரவெல்லாம் வேனில் வந்து விடியற்காலையில் அடிவாரத்தில் இறங்குகிறார். மாலைக்குள் திரும்ப வேண்டும், நாளை வேலை இருக்கிறது. முகட்டைப் பார்த்துக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. பார்த்தாலும் என்ன பார்க்க வேண்டுமென்று சொல்லித்தர ஆளில்லை. 2015 மே மாதம் சதுரகிரியில் அமாவாசைக்குப் போன பக்தர்கள் காட்டாற்றில் சிக்கி உயிரிழந்தார்கள். சங்கிலிப்பாறை, மாங்கேணி ஓடை என்று அந்தப் பாதையே நீரைத் தாண்டித் தாண்டிப் போவது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ 23 பேரைப் பறித்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் 17 வயதுச் சிறுவன் வெள்ளத்தில் போனான். நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. சதுரகிரிக்குப் பல ஆண்டுகள் மாதத்தில் எட்டு நாள் மட்டுமே அனுமதி என்றாயிற்று. குரங்கணிக்குப் பிறகு மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசின் மலையேற்றத் திட்டமும் தொடங்கியது. இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி. இவையெல்லாம் உயிர் காப்பவைதான். ஆனால் வாயிற்கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைத் தாண்டி, மலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

பனிமலை நாடுகளில் சொல்கிறார்கள். சாய்வில் விழுந்த பனி அடுக்கடுக்காகப் படியும். நடுவே ஓர் அடுக்கு உதிரியாக, பிடிப்பில்லாமல் இருந்தால், அதன் மேல் புதுப்பனியோ காற்று அள்ளிக் குவித்த பனியோ ஏறும்போது மொத்தமும் சறுக்கிவிடும். மலையேறிகள் சிக்கிக்கொள்ளும் பனிச்சரிவைப் பெரும்பாலும் தூண்டிவிடுவது அவர்களின் சொந்தப் பாரமே. அதனால் பனியில் குழி வெட்டி அடுக்குகளைச் சோதித்து, ஒன்று முதல் ஐந்து வரை ஆபத்தின் அளவை அறிவிக்கிறார்கள். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்பதுகூட அதில் இருக்கும். இந்தியாவில் இதற்காகவே 1969இல் மணாலியில் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. பனிச்சரிவு நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிக்குள் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

மழைக்கும் தீக்கும் அப்படியோர் அன்றாட அறிவிப்பு சிவகிரி, வாசுதேவநல்லூர் மலைகளுக்கு வேண்டும். நேற்று முகட்டில் எவ்வளவு மழை, மண் எவ்வளவு ஊறியிருக்கிறது, எந்த ஓடையைக் கடக்கலாம், எந்தச் சரிவில் தீப்பற்றக்கூடிய போதைப்புல் காய்ந்து கிடக்கிறது, எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும். மழைமானிகளை ஊருக்குள் மட்டும் வைக்காமல் முகட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். அவற்றைப் பார்த்து, ஓடையையும் பார்த்து, தினமும் காலையில் தகவல் சொல்லும் வேலையை அடிவாரத்துப் பளியர்களுக்கு மாதச் சம்பளத்தோடு தர வேண்டும்.