மீன்தொட்டிச் சம்ப்: பம்பு, வடிகுழாய் அளவுகள்

சம்ப் என்பது மீன்தொட்டிக்குக் கீழே வைக்கப்படும் இரண்டாவது தொட்டி ஆகும். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் வடிகுழாய் வழியாக இதில் இறங்கி, வடிகட்டிகளைக் கடந்து, பம்பு மூலம் மீண்டும் மேலே செல்கிறது. தரைக்கடியில் சம்பும் மாடியில் தண்ணீர்த் தொட்டியும் உள்ள புதுச்சேரி நகர வீடுகளில் இச்சொல் பழக்கமானதே. ஆனால் வீட்டு மோட்டார் நாளில் சிறிது நேரமே ஓடும். மீன்தொட்டிப் பம்பு இரவும் பகலும் ஓடும். கணக்குத் தவறினால் நீர் கூடத்துத் தரையில் நிற்கும்.

பம்பு

4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். நன்னீர் மீன்களுக்கு இந்நீர் மணிக்கு 4 முறை சுற்றினால் போதும். அதாவது 1000 லிட்டர். ஆனால் 1000 என்று அச்சிட்ட பம்பு அதைத் தராது. அது நீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. அதேபோல் உச்ச உயரம் 2.5 மீட்டர் என்றால், அந்த உயரத்தில் நீர் வெளிவருவது நின்றுவிடும் என்று பொருள். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் விளிம்பு 1.25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அப்பம்பு பாதியளவே தரும் என்று கொள்ளலாம். குழாயின் வளைவுகள் அதையும் குறைக்கும். ஆகவே 2500 லிட்டர் பம்பே பொருத்தம். 40 வாட் பம்பு ஓயாமல் ஓடினால் மாதத்துக்கு 29 யூனிட் ஆகும்.

வடிகுழாய்

பம்பு நீரைத் தள்ளுகிறது. வடிகுழாயில் நீர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது, காற்றும் கூடவே வருகிறது. எனவே வடிகுழாய் ஏற்றுகுழாயைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். நம் கடைகளில் பிவிசி குழாய்கள் பெரும்பாலும் வெளிவிட்டத்தால் விற்கப்படுகின்றன. பிளம்பர் ‘ஒரு இஞ்ச்’ என்பது 32 மி.மீ. குழாய், 25 மி.மீ. என்பது ‘முக்கால் இஞ்ச்’. வெளிநாட்டு வரைபடத்தில் ஒரு இஞ்ச் என்று கண்டு 25 மி.மீ. வாங்கினால், உட்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேற்கண்ட தொட்டிக்கு 32 போதும். சத்தம் குறைய 40 நல்லது. அதே அளவில் இரண்டாவது குழாய் ஒன்றை, வாய் சற்று உயரத்தில் இருக்குமாறு, அவசரத்துக்கு வைப்பதே என் பரிந்துரை. அதில் வால்வு கூடாது. (துளையிடும் முன் கண்ணாடி டஃபன் செய்யப்பட்டதா என்று கேட்கவும்; அது துளையிட்டால் நொறுங்கும்.)

மின்தடை

பம்பு நின்றதும் ஏற்றுகுழாய் சைபன் போல மேல்தொட்டி நீரைக் கீழே இழுக்கும். இத்தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் ஏறத்தாழ 5.5 லிட்டர். குழாயின் வாய் நீரில் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 17 லிட்டர் இறங்கும், 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 110 லிட்டர். முதலாவதைச் சம்ப் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. வாயை மேலே வைத்து, நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு காற்றுத்துளை இடுவதே தீர்வு. ஒருவழி வால்வை மட்டும் நம்பவேண்டாம்; பாசி சிக்கினால் அது மூடாது. குழாயில் உள்ள நீரையும் சேர்த்துச் சம்பில் 25 லிட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். பம்பை நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

2011 டிசம்பர் 30 தானே புயலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தன. அப்படிப்பட்ட நாள்களில் நீர் வழியாமல் இருப்பது மட்டும் போதாது. மீன்களுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் தேவை.

வடிகுழாய் அடைத்தால்

அடைப்பு ஏற்பட்டால் பம்பு, தான் இருக்கும் அறையின் நீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். மேல்தொட்டியில் விளிம்புக்கு 4 செ.மீ. இடைவெளி இருந்தால் 22 லிட்டரே கொள்ளும். ஆகவே பம்பு அறையின் நீர் 20 லிட்டருக்குள் இருக்கவேண்டும். அறை சிறிதானால் வெயிலில் மட்டம் விரைவில் இறங்கிப் பம்பு வறண்டு ஓடும். எனவே தினமும் நீர் சேர்க்கவேண்டும். கடலோரத் தெருக்களின் உவர்ப்பான போர்வெல் நீரை இதற்குச் சேர்க்கக்கூடாது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது.