திரை எங்கே போனது?

திரையே இல்லாமல் காற்றில் படம் காட்டலாம் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். கண்காட்சிகளிலும் திருமண மண்டபங்களிலும் ‘ஹாலோகிராம்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. வருங்காலத்தில் கைப்பேசியின் திரையே காணாமல் போய்விடும் என்று ஆரூடம் கூறுவோரும் உண்டு. இவற்றில் எது அறிவியல், எது கண்கட்டு வித்தை? இதை விளங்கிக்கொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த ஓர் அறிவியல் பாடமே போதும்.

ஒளி நேர்க்கோட்டில் செல்லும். ஒரு பொருளின்மீது பட்டால் தெறிக்கும். அது நம் கண்ணுக்குள் வந்தால்தான் நமக்குப் பார்வை. இவ்வளவுதான் அந்தப் பாடம். இதிலிருந்து இன்னோர் உண்மையும் கிடைக்கிறது. நம்மைக் கடந்து செல்லும் ஒளி நமக்குத் தெரியாது.

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவரைத் தூரத்திலிருந்து பாருங்கள். சாதாரண நாளில் விளக்கு தெரியும், அது விழும் மரப்பட்டை தெரியும். இரண்டுக்கும் இடையில் உள்ள ஒளி தெரியாது. பனிமூட்டம் இறங்கிய நாளிலோ விளக்கிலிருந்து மரம்வரை ஒரு வெள்ளைக் கோல் நீட்டியதுபோல் இருக்கும். பனியின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் திருப்பிவிடுவதே காரணம்.

ஆகவே, படம் காட்ட வேண்டுமானால் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிட ஏதாவது ஒன்று வேண்டும். அந்த ஒன்றுதான் திரை. திரையில்லாத் தொழில்நுட்பங்கள் என்று சொல்லப்படுபவை அந்தத் திரையை மறைக்கின்றன, மெலிதாக்குகின்றன அல்லது இடம் மாற்றுகின்றன.

மறைந்திருக்கும் திரை

இரவுப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தால், வெளியே செம்பனை மரங்களுக்கு நடுவே நம் முகம் மிதப்பதைப் பார்க்கலாம். கண்ணாடி ஒளியின் ஒரு பகுதியை விடுகிறது, ஒரு பகுதியைத் தெறிக்கச் செய்கிறது. 1862இல் இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய ‘பெப்பரின் பேய்’ இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. சாய்த்து வைத்த பெரிய கண்ணாடியில், மறைவிடத்தில் நின்ற நடிகரின் பிம்பம் ஆவியாகத் தோன்றியது. இன்று மேடைகளில் ‘ஹாலோகிராம்’ என்று காட்டப்படுபவை பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்களே. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் படலமோ நுண்ணிய வலையோ பயன்படுகிறது.

உண்மையான ஹாலோகிராம் வேறு. டென்னிஸ் கேபோர் 1947இல் கண்டறிந்த முறை அது. பொருளிலிருந்து வரும் ஒளி அலைகளின் அமைப்பையே பதிவு செய்வது. அதற்காக அவருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய கடன் அட்டைகளில் மின்னும் சிறு படம் அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கும் ஒரு தகடு வேண்டும்.

நம் சமூகத்தோடு தொடர்புடைய உதாரணம் ஒன்று உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பலரைத் தம் படையில் சேர்த்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் ஒளியுருவம், 2022 ஜனவரி 23ஆம் நாள் புதுடில்லி இந்தியா கேட்டில் திறந்து வைக்கப்பட்டது. உயரம் 28 அடி, அகலம் 6 அடி. 30,000 லூமென் ஆற்றல்கொண்ட படவீழ்த்தி அதை உருவாக்கியது. வெட்டவெளியில் நிற்பதுபோல் தெரிந்தாலும், 90 விழுக்காடு ஒளி ஊடுருவும் திரை ஒன்று அங்கே இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அவ்விடத்தில் கருங்கல் சிலை திறக்கப்பட்டது.

சுங்கை பட்டாணியில் உறவினர் திருமணம் ஒன்றில், மறைந்த தாத்தா மேடையில் தோன்றி மணமக்களை வாழ்த்தினார். ஏற்பாட்டாளர் “திரையே கிடையாது” என்று சொல்லியிருந்தார். வயதான அத்தை ஒருவர் காலில் விழ எழுந்து போனார். அவர் கையில் தட்டுப்பட்டது வலை. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து அமர்ந்தார். அப்படிக் காட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால், இறந்தவரின் குரலையும் கணினி உருவாக்கிவிடும் இக்காலத்தில், பார்ப்பது இன்னதென்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

மெலிந்த திரை

இரண்டாவது வழி, திரையைப் புகையாகவோ துகளாகவோ ஆக்கிவிடுவது. பின்லாந்து ஆய்வாளர்கள் மெல்லிய மூடுபனித் திரையை உருவாக்கினார்கள். அதில் விழும் படத்தின் ஊடே நடந்து போகலாம். நம் பனிமூட்டமும் தலைவிளக்கும்தான் அது.

2018இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரே ஒரு நுண்துகளை லேசர் ஒளியால் காற்றில் பிடித்து வேகமாக நகர்த்தி, அதன்மீது வண்ண ஒளியைப் பாய்ச்சினார்கள். 2019இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் சிறு மணி ஒன்றை மீயொலியால் அவ்வாறே நகர்த்தினார்கள். தீபாவளியன்று கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் வட்டம் தெரிகிறதல்லவா? அதே கண்மயக்கம்தான். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் படம் தெரியும் என்பது இதன் சிறப்பு. படம் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் என்பது இதன் குறை.

இடம் மாறிய திரை

மூன்றாவது வழிக்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. கண்ணின் பின்புறச் சவ்வை நாம் ‘விழித்திரை’ என்கிறோம். எல்லாப் படமும் இறுதியில் அங்கேதான் விழுகிறது. அப்படியானால் இடையில் வேறொரு திரை எதற்கு? 1991இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விழித்திரையிலேயே ஒளியால் படம் வரையும் ஆய்வு தொடங்கியது. இன்றைய திறன் கண்ணாடிகளும் இந்தத் திசையில்தான் செல்கின்றன.

வெயிலிலும் தெரியவேண்டுமானால் இக்கண்ணாடிகளுக்கு மிகச் சிறிய, மிகப் பிரகாசமான விளக்குகள் தேவை. தலைமுடியின் பருமனைவிடச் சிறிய மைக்ரோ எல்.இ.டி. அதற்கென ஆராயப்படுகிறது. இங்கேதான் கதை நம் ஊருக்கு வருகிறது. 1996இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2017 நவம்பரில் ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. பின்னர் ஏ.எம்.எஸ். ஓஸ்ராம் என்ற பெயரில் மைக்ரோ எல்.இ.டி.க்கென்று அங்கே இன்னொரு தொழிற்சாலையையும் கட்டியது. 2024 பிப்ரவரியில் அத்திட்டத்தின் முக்கிய வாடிக்கையாளர் விலகிக்கொண்டதாக அந்நிறுவனம் அறிவித்தது.

கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் அப்பூங்காவில் வேலை செய்கிறார்கள். என் பள்ளித் தோழர்களும் இருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் விலகினால் ஒரு திட்டமே நின்றுவிடும் தொழில் இது. அதில் பொத்தானை அழுத்த மட்டும் தெரிந்தவர் அடுத்த வேலைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்தவருக்கு அடுத்த கதவைத் தட்டத் துணிவு இருக்கும். நம் பெற்றோர் பால் வாளியைத் தூக்கியது நாம் வேறொரு வாளியைத் தூக்குவதற்காக அன்று.

நான்காம் படிவத்தில் பௌதிகப் பாடம் கடினம் என்று ஒதுங்கும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் தமிழில் படித்த ஒளி, இடைநிலைப்பள்ளியில் மலாய்ச் சொற்களோடு வரும்போது அந்நியமாகத் தெரிகிறது. சொல்தான் மாறியிருக்கிறது, ஒளி மாறவில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நாம் ஒவ்வொருவரும் நம் தோட்டத்து, தாமானில் வாழும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதைத் தமிழில் விளக்கலாம். ஒரு கைவிளக்கும் ஒரு கண்ணாடித் துண்டும் போதும்.

திரையில்லை என்று யார் சொன்னாலும், “ஒளி எதில் பட்டு வருகிறது?” என்று கேட்கப் பழக்குவோம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை எளிதில் ஏமாறாது. அடுத்த கருவியைச் செய்யும் இடத்திலும் அது நிற்கும்.