திரைக்கலைக் கல்வியும் தமிழும்

சிங்கப்பூரின் டோபி காட் பகுதி பெயராலேயே இந்தியரோடு தொடர்புடையது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அங்கு ஓடிய ஓடையில் துணி வெளுத்து, அருகிலிருந்த வெளியில் உலர்த்தினர். சலவைத்துறை என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொற்களே பின்னர் இடத்தின் பெயராயின. அவ்விடத்தில் 1939ஆம் ஆண்டில் கேத்தே திரையரங்கு திறக்கப்பட்டது. அம்மாளிகையின் முகப்பு 2003ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, இன்றும் காக்கப்பட்டு வருகிறது. அதன் அண்மையில், ஸுபிர் சயித் பெயர் தாங்கிய தெருவில், கலைப் பள்ளி ஒன்று நிற்கிறது. நாட்டுப்பண்ணை இயற்றிய ஸுபிர் சயித், கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் படங்களுக்கு இசையமைத்தவரும் ஆவார்.

திரைப்படத் தொழில் பள்ளியில் கற்கும் பாடமாக அமைந்தது பிற்காலத்தில்தான். முன்னர் அது படநிலையத்தில் மூத்தோரிடம் கைப்பழக்கமாகக் கற்கப்பட்டது. ஷா சகோதரர் நடத்திய மலாய்ப் படநிலையம் ஜாலான் அம்பாசில் இருந்தது. கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1953ஆம் ஆண்டு தொடங்கி ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் படம் எடுத்தது. இவ்விரண்டிலும் தொடக்க காலத்தில் இயக்குநராக அமர்ந்தோரிற் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன் முதலியோர் அவருட் சிலர்.

பினாங்கைச் சேர்ந்த பி. ராம்லியின் குரலைக் கேட்டு, அவரை 1948ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு அழைத்தவர் ராஜ்ஹன்ஸ். 1950ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் அவரைக் கதைத்தலைவனாக்கியவர் கிருஷ்ணன். பின்னணி பாடியும் சிறு வேடங்கள் தாங்கியும் தொழிலை அருகிருந்து கற்ற ராம்லி, 1955ஆம் ஆண்டில் ‘பெனாரெக் பேச்சா’ படத்தைத் தாமே இயக்கினார். மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞராக அவரை உருவாக்கிய கல்விக்கூடம் அப்படநிலையமே எனலாம்.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பலர் மலாய் மொழியில் முதிர்ந்த பயிற்சி உடையவரல்லர். அவர்தம் கதையும் உரையாடலும் மொழிபெயர்ப்பின் வழியே மலாய் ஆயின. படப்பிடிப்பு முறை கடல் கடந்து எளிதில் வந்துவிட்டது. மக்கள் பேச்சின் உயிர்ப்பு அவ்வாறு வரவில்லை. அது அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்த ராம்லி போன்றோர் இயக்கத் தொடங்கிய பின்னரே முழுமையாகத் திரையில் ஒலித்தது. தொழில்நுட்பத்தைப் பிறரிடம் கற்கலாம்; மொழியை அதற்குரியோர்தாம் கொண்டுவர வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஜாலான் அம்பாஸ் படநிலையம் 1967ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கேத்தே-கெரிசும் படமெடுப்பதை நிறுத்தியது. ஆசிரியர் சிதறினர்; கற்கும் இடமும் மறைந்தது. தொழிலறிவு மனிதரின் கைகளில் மட்டும் தங்கியிருப்பின், தொழில் நின்றவுடன் அறிவும் நின்றுபோகும். பல்கலைக் கழகக் கல்வியின் தேவை இங்கேதான் தோன்றுகிறது. மாஸ்கோவில் 1919ஆம் ஆண்டிலேயே திரைப்படக் கல்லூரி எழுந்தது. சென்னையில் 1945ஆம் ஆண்டிலும் புனேயில் 1960ஆம் ஆண்டிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு பயின்றே தமிழ்த் திரைக்கு வந்தார்.

சிங்கப்பூரில் 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்ட லசால் கலைக் கல்லூரி, 2007ஆம் ஆண்டு முதல் டோபி காட்டிற்கும் லிட்டில் இந்தியாவிற்கும் எட்டும் தொலைவில், ரோச்சோர் அருகே இயங்குகிறது. திரைப்படக் கலையில் பட்டப்படிப்பு அங்கு உண்டு. அக்கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக் கழகம் 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

இத்தகைய படிப்பில் மாணவர் கற்பது யாது? கதை எழுதுதல், காட்சி பிரித்தல், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்புக் கணக்கு ஆகியவை பொதுவான பிரிவுகள். ஒவ்வொரு செயலுக்கும் உரிய காரணத்தை அறிவதே கல்வியின் பயன். படப்பிடிப்பில் பலகையைத் தட்டுவதை யாவரும் கண்டிருப்பர். படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளிற் பதிவாகின்றன. பலகை மூடும் காட்சியையும் அது எழுப்பும் ஓசையையும் ஒன்றாகப் பொருத்தினால் இரண்டும் இசைந்து செல்லும். பலகை அதற்கே தட்டப்படுகிறது.

தொலைக்காட்சியின் முறை சற்று வேறானது. சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. திரைப்படத்தில் பெரும்பாலும் ஒரே கருவியை இடம் மாற்றி வைத்துக் காட்சி காட்சியாக எடுப்பர். எடுத்தவற்றைப் பின்னர்த் தொகுப்பர். தொலைக்காட்சி அரங்கிலோ பல கருவிகள் ஒரே வேளையில் இயங்குகின்றன. இயக்குநர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, எந்தக் கருவியின் படம் செல்ல வேண்டும் என்பதை அந்நொடியே முடிவு செய்கிறார். முன்னது பொறுமையைக் கேட்பது. பின்னது விரைந்த முடிவைக் கேட்பது. மாணவர் இரண்டையும் பழகுதல் நலம்.

ஆயினும் பல்கலைக் கழகம் தமிழ் மாணவனுக்குக் கொடுக்க இயலாத பகுதி ஒன்று எஞ்சுகிறது. சிங்கப்பூரில் இக்கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலப் படங்களையே எடுத்துக்காட்டுகின்றன. படத்தொகுப்பையே எடுத்துக்கொள்க. ஒருவர் பேச, மற்றவர் முகமாற்றத்தை எப்போது காட்டுவது என்பது தொகுப்பாளர் அறிய வேண்டிய நுட்பம். ஆங்கில வாக்கியத்தில் மறுப்புச் சொல் முன்னரே வந்துவிடும். தமிழில் வினை இறுதியில் நிற்பது இயல்பு. “அந்தக் கடையை நான் விற்க” என்பது வரை, பேசுபவர் எண்ணம் தெரியாது. “மாட்டேன்” என்றால் ஒரு முகம். “போகிறேன்” என்றால் வேறொரு முகம். இறுதிச் சொல் விழுமுன் கேட்பவர் முகத்தில் அதிர்ச்சியைக் காட்டினால் காட்சி பொய்யாகும். தமிழிலக்கணம் படத்தொகுப்பு மேசை வரை துணை வருவதை இதிற் காணலாம்.

உரையாடலுக்கும் இது பொருந்தும். கட்டுரையில் “வருகிறேன்” என எழுதுவது முறை; வீட்டிலே ஒரு தாய் மகனிடம் “வர்றேன்” என்றே கூறுவாள். இவ்வேறுபாட்டை அறியாத மாணவன் எழுதும் உரையாடல் ஒன்று மேடைப் பேச்சாகும். அல்லது ஆங்கிலத்தில் எண்ணி மொழிபெயர்த்ததாகும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட ஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடமளிக்க வேண்டும் என வற்புறுத்தியது. அப்பயிற்சி திரைக்கலைக்கும் வித்தாகும்.

வசந்தம் ஒளிவழி 2008ஆம் ஆண்டு முதல் தனி ஒளிவழியாக இயங்கி வருகிறது. அதற்கு நாடகம் எழுதுவோரும் ஒளிப்பதிவு செய்வோரும் இந்நாட்டு வகுப்பறைகளிலிருந்தே வருதல் வேண்டும். கேட்ட உரையாடலை அவ்வாறே எழுதுதல், சிறுகதை ஒன்றைக் காட்சிகளாகப் பிரித்தல், ஒரே செய்தியை முதியவர் வாயிலும் சிறுவர் வாயிலும் வைத்து எழுதுதல் ஆகிய பயிற்சிகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. தமிழாசிரியர் நாற்பது நிமிட வகுப்பில் இவற்றைச் செய்விக்கலாம்.

கருவியின் இயக்கத்தைப் பல்கலைக் கழகம் மூன்று ஆண்டுகளிற் கற்பிக்கும். அக்கருவியின் முன் நிற்கும் மனிதர் எவ்வாறு பேசுவர் என்பதைக் கேட்கும் செவி பத்தாண்டுத் தமிழ்க் கல்வியால் அமைவது. அச்செவியோடு செல்லும் மாணவனே, அங்குக் கற்ற தொழிலைத் தமிழுக்குப் பயன்படுத்த வல்லவன் ஆவான்.