மாந்தோப்பின் காவலாளர்

மாமரத்தில் ஏறிக் காய் பறித்தவர் எவரும் முசுற்றை எளிதில் மறப்பதில்லை. கிளையில் கை பட்ட மறுகணமே அச்செந்நிற எறும்புகள் திரண்டு வந்து கடித்து, கடிவாயில் எரிச்சலூட்டும் அமிலத்தையும் பீச்சிவிடும். ஆதலால் முசுற்றுக் கூட்டைக் கண்டதும் கொளுத்திவிட எண்ணுதல் இயல்பே. ஆயினும், அதற்கு முன் அவ்வெறும்பு மரத்திற்குச் செய்யும் தொண்டு யாதென அறிந்துகொள்வது நன்று.

மாங்கனியின் பெரும் பகைகளுள் ஒன்று பழ ஈ. பெண் ஈ, முற்றிவரும் காயின் தோலைத் தன் உடலின் பின்முனையிலுள்ள கூரிய உறுப்பினால் துளைத்து உள்ளே முட்டையிடும். சில நாளில் வெளிப்படும் புழுக்கள் சதையைத் தின்று வளரும். புறத்தே பழுதின்றித் தோன்றும் கறுத்தக்கொழும்பான் பழத்தை அறுக்கும்போது உள்ளே புழு நெளிவதன் காரணம் இதுவே. வளர்ந்த புழு மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகிப் பின்னர் ஈயாக எழும்.

முசுறு நடமாடும் கனியில் இவ்வீ அமைதியாக முட்டையிட இயலாது. முசுற்றின் ஆபிரிக்க இனம் பழத்தின்மேல் விட்டுச்செல்லும் வாடையே ஈக்களை விலக்குவதாக அங்கு நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இலைகளை இழுத்துப் பிடித்து, இளம்புழுக்கள் சுரக்கும் பட்டிழையாற் பிணைத்துக் கூடமைக்கும் இவ்வெறும்பின் பயனைத் தென்சீன மக்கள் பண்டே உணர்ந்திருந்தனர். தோடையினப் பழமரங்களைக் காப்பதற்கு எறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதை, கி.பி. 304ஆம் ஆண்டினதெனக் கருதப்படும் சீன நூலொன்று குறிப்பிடுகின்றது.

முசுற்றிடம் குறையும் உண்டு. சாறுறிஞ்சும் சில பூச்சிகள் கழிக்கும் இனிய நீரை விரும்பி, அது அவற்றைப் பேணி வளர்க்கும். அவ்வினப் பூச்சிகளைத் தின்று அடக்குபவை பொறிவண்டுகள். 1880களில் கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களை அழித்துவந்த பஞ்சுச் செதிற்பூச்சியை, அவுஸ்திரேலியாவிலிருந்து வருவிக்கப்பட்ட பொறிவண்டு இரண்டொரு ஆண்டுகளில் அடக்கியது. 1940களில் டி.டி.ரி. நஞ்சு தெளிக்கப்பட்ட இடங்களில் வண்டு மடிய, அடங்கியிருந்த செதிற்பூச்சி மீண்டும் பெருகியது. பகையைக் கொல்லத் தெளித்த மருந்து காவலையும் கொன்றுவிட்டது.

மாம்பூவில் மகரந்தத்தைச் சேர்ப்பவற்றுள் பலவகை ஈக்களும் அடங்கும். ஆகவே பூக்கும் காலத்தில் நஞ்சு தெளித்தல், காய்ப்பையே குறைக்கக்கூடும்.

தோட்டக்காரர் செய்யத்தக்கது அரிதன்று. உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, ஆழப் புதைத்தோ, இறுகக் கட்டிய பையிலிட்டு வெயிலில் வைத்தோ புழுக்களை அழித்தல் வேண்டும். முசுறு மிகுந்த மரத்தில் ஏறாமல், நிலத்தில் நின்றே கொக்கத்தடியாற் பறிக்கலாம். கடிக்கும் எறும்பென்று வெறுக்கப்படும் முசுறு, கூலி கேளாது பகல் முழுதும் கனிகளைச் சுற்றிவரும் காவலாளியாகும்.