கையெழுத்தின் விலை

மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையின் தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்து, பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய கம்பனி திருகோணமலைக் களஞ்சியத்தை மூடுகிறது. ஒன்றில் கொழும்பு அலுவலகத்தில் போய்ச் சேர வேண்டும், அல்லது காசை வாங்கிக்கொண்டு விலக வேண்டும். பதினான்கு நாள் தவணை.

“மாமா, நீங்கள் முப்பது வருசம் சம்பளக் கணக்கு எழுதின ஆள். கிட்டத்தட்ட நாப்பது இலட்சம் வருது. வாங்கிக்கொண்டு ஊரிலேயே இருப்பம் எண்டு மனுசி சொல்லுறா. அம்மா கொழும்புக்குப் போ எண்டுறா. நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ.”

இரண்டு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டுக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். கணக்கு எப்போதும் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும். முதல் பக்கம் முழுக்க நன்றியும் வருத்தமும்.

அவருக்கு வயது 38, சேவை 12 வருடம், சம்பளம் 80,000 ரூபா. மொத்தம் 39,70,000 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்தால் இப்படி: ஊழியர் சேமலாப நிதியில் இருப்பது 22 இலட்சம், ஊழியர் நம்பிக்கை நிதியில் 3,30,000, பணிக்கொடை 4,80,000, ‘விசேட கொடுப்பனவு’ பன்னிரண்டு மாதச் சம்பளம், அதாவது 9,60,000.

கடைக்காரரிடம் பேனை வாங்கி முதல் வரியை வெட்டினேன். தம்பி திடுக்கிட்டார்.

சேமலாப நிதி கம்பனி தருகிற காசல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் மாதா மாதம் கட்டிவந்த காசு அது. அவர் போனாலும் நின்றாலும் அவருடையது. அதைவிட, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாகும்வரை, சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, முழுவதையும் எடுக்கவும் முடியாது. எடுக்க இன்னும் 17 வருடம் கிடக்கிற காசைக் காட்டித்தான் ‘நாற்பது இலட்சம்’ என்று மனம் குளிர வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை நிதியும் அப்படித்தான். அதற்கான 3 வீதம் முதலாளி கட்டியதே என்றாலும், கட்டிய நாளிலிருந்து அது தொழிலாளியின் காசு. வேலையை விட்டால் எடுக்கலாம் என்பது மட்டும்தான் வித்தியாசம். பணிக்கொடையோ 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தருவது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 12 தர 40,000. அவர் நாளைக்கே கோபத்தில் விலகினாலும் அது கிடைக்கும்.

மூன்று வரியையும் வெட்டிய பிறகு மிஞ்சியது 9,60,000.

“உம்மட கையெழுத்துக்கு அவங்கள் போட்ட விலை இதுதான்,” என்றேன்.

தம்பி சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். பண்டாரநாயக்க அரசுக்கு அது பெருமைக்குரிய நாள். டொக்யார்ட் வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அடுப்பணைந்த நாள். வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களைப் பொலன்னறுவைப் பக்கம் குடியேற்றலாம் என்று அரசு யோசித்தது. கடதாசியில் நல்ல யோசனைதான். ஆனால் அங்கே இருந்த சிங்களவர்களிடம் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. வருகிறவர்களை அடித்து விரட்டுவோம் என்று கும்பல்கள் சேர்ந்தன. 1958 மே மாதம் பொலன்னறுவை ரயில் நிலையத்தில் தொடங்கிய வன்முறை நாடெங்கும் பரவிய கதையை டார்சி விட்டாச்சி தன் ‘எமேர்ஜென்சி 58’ புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். போகச் சொல்கிற கடிதத்தில் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அன்றைக்கும் இருக்கவில்லை.

அந்த நானூறு பேருக்கு இல்லாத ஒன்று இன்றைக்கு இந்தத் தம்பிக்கு இருக்கிறது: 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாளர்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் முதலாளிக்கு இரண்டே வழிதான். தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தர வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தமே செல்லாது. ஆறு மாதத்துக்குள் முறையிடலாம். ஆட்குறைப்புக்கும் மூடுவிழாவுக்கும் இதே விதிதான். கம்பனி ஏன் கடிதம் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறது என்பது இப்போது விளங்கும். அவர்களுக்குத் தேவை அந்தச் ‘சம்மதம்’. அது கிடைக்காவிட்டால் ஆணையாளரிடம் போக வேண்டும். அங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது.

அந்தச் சூத்திரம் 2005இலிருந்து இருப்பது. முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாம் வருடத்திலிருந்து பதினான்கு வரை இரண்டு மாதம். பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை ஒன்றரை. அதற்கு மேல் ஒன்று, பிறகு அரை. உச்சவரம்பு முன்பு 12,50,000 ரூபா. 2021இல் 25 இலட்சமாக்கினார்கள். சேவை நீள நீள வருடத்தின் விலை குறைகிறது என்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்தான். ஐம்பது வயதில் வெளியே தள்ளப்படுகிறவனுக்குத்தான் வேறு வேலை கிடைக்காது. ஆனால் சூத்திரம் அதைப் பார்ப்பதில்லை.

தம்பியின் கணக்கு: ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், மிச்ச ஏழு வருடத்துக்குப் பதினான்கு மாதம், ஆக இருபத்தாறரை மாதம். 80,000ஆல் பெருக்கினால் 21,20,000. கம்பனி எழுதியது 9,60,000.

“அப்ப கையெழுத்து வைக்காமல் சண்டை பிடிக்கவோ?”

அவசரப்பட வேண்டாம் என்றேன். சூத்திரம் ஆணையாளர் பாவிப்பது. இருவரும் சம்மதித்துப் பிரிகிற இடத்தில் அதற்குக் குறைவாகக் கொடுக்கக்கூடாது என்று யாரும் தடுக்க மாட்டார்கள். விசாரணைக்குப் போனால் மாதங்கள் இழுபடும். கம்பனியே படுத்துவிட்டால் உத்தரவைச் சட்டம் போட்டுச் சுவரில்தான் மாட்டலாம். ஆனால் பேரம் பேசுகிறவனுக்கு மறுபக்கத்தின் பயம் தெரிந்திருக்க வேண்டும். ‘சூத்திரப்படி எவ்வளவு வரும் என்று கணக்குத் தாருங்கள்’ என்று பணிவாக ஒரு கடிதம் போட்டாலே தொகை அசையும். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், அசைந்ததைக் கண்டிருக்கிறேன்.

இதில் ஒரு பொறி உண்டு. நியமனக் கடிதத்தில் ‘நாட்டின் எப்பகுதியிலும் சேவையாற்ற வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால் இடமாற்றம் கம்பனியின் உரிமையாகிவிடும். கோபத்தில் “நான் கொழும்புக்கு வரமாட்டன்” என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தால், வேலையைக் கைவிட்டவன் என்று எழுதி முடித்துவிடுவார்கள். பிறகு நட்டஈட்டுப் பேச்சே இல்லை. இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் அதே கதிதான். ‘விலகுகிறேன்’ என்பதும் ‘என்னை நிறுத்துவதற்குச் சம்மதிக்கிறேன்’ என்பதும் பேச்சில் ஒன்றுபோலத்தான். இந்தச் சட்டத்தில் இரண்டுக்கும் நடுவில் 21 இலட்சம் கிடக்கிறது.

அடுத்தது கொழும்புக் கணக்கு. இது சுலபம், ஆனால் ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை. 80,000இல் சேமலாப நிதி 8 வீதம் போகக் கைக்கு வருவது 73,600. தனியாகப் போனால் அறைக்கு 25,000, சாப்பாட்டுக்கு 25,000, மாதம் இரண்டுதரம் ஊருக்கு வந்து போக 6,000 என்று பேச்சுக்கு வைப்போம். வீட்டுக்கு வருவது 17,600. விலகினால்? 21,20,000ஐ நிலையான வைப்பில் போட்டு எட்டு வீதம் கிடைத்தால், பத்து வீத நிறுத்திவைப்பு வரி கழிய மாதம் 12,720. ஆள் வீட்டில், முதல் வங்கியில். அவர்கள் சொல்கிற 9,60,000தான் என்றால் 5,760. கொழும்புச் சம்பளத்துக்கும் ஊரில் இருப்பதற்கும் நடுவிலிருக்கிற வித்தியாசம் 80,000 அல்ல. நல்ல தொகை வாங்கினால் ஐயாயிரம்கூட இல்லை, தந்ததை வாங்கினால் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உம்மை ஏமாற்றுகிறேன் என்றேன். வேலையில் இருக்கும்வரை இரு நிதிக்குமாக மாதம் 18,400 சேர்ந்துகொண்டிருக்கும். வருடத்துக்கு இன்னொரு 40,000 பணிக்கொடையும் ஏறும். கையில் படாத காசு என்பதால் அது கண்ணிலும் படாது. கொழும்புக்குப் போகிறவன் உண்மையில் உழைப்பது 55 வயதுத் தன் ஆளுக்காக. அந்த ஆளுக்கு இப்போது காசு தேவையா, பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இப்போது தகப்பன் தேவையா என்பது வேறு கணக்கு. அதை எழுதுவதற்கு என்னிடம் பேரேடு இல்லை.

பிள்ளை என்றதும் தம்பி நிமிர்ந்தார். குடும்பத்தோடு போவதானால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கொழும்பு இல்லை. உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்த்துத்தான் மாவட்டம் தீர்மானிக்கிறார்கள். சாதாரண தரத்தை இங்கே எழுதிவிட்டு உயர்தரத்துக்குக் கொழும்பு போகிற பிள்ளை, அதே புள்ளியோடு மருத்துவத்தைக் கைவிட வேண்டி வரலாம். கம்பனிக் கடிதத்தில் இதற்கு ஒரு வரி வராது.

ஊரில் வேறு வேலை? மாவு ஆலை, சீமெந்து, எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகம் எல்லாம் இருக்கிறது. வெற்றிடம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் பருவத்தை நம்பியவை. வாடைமழையோடு விலகுகிறவன் அடுத்த சித்திரைவரை வேலை தேட வேண்டியிருக்கும். நட்டஈட்டுக் காசில் ஓட்டோ வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏற்கனவே ஆளைவிட ஓட்டோ கூட. அடகில் கிடக்கிற நகையை மீட்டால் வட்டியாவது மிஞ்சும். அதைத்தான் நான் முதலில் செய்வேன்.

இப்படி யோசிக்கிறது இந்தத் தம்பி மட்டுமல்ல. 2025இல் மின்சார சபையைப் பிரித்துப் புதிய கம்பனிகளாக்கியபோது, புதிய கம்பனிக்கு மாறுவதா, நட்டஈட்டோடு சுயவிருப்ப ஓய்வில் போவதா என்று அதன் ஊழியர்களும் தேத்தண்ணிக் கடைகளில்தான் கணக்குப் பார்த்தார்கள்.

தம்பி கடைசியில் அதே கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். சூத்திரப்படி எவ்வளவு? கொழும்புக்கு வந்தால் பன்னிரண்டு வருடச் சேவையும் தொடருமா, அல்லது புது நியமனமா? வேறு பெயரிலுள்ள கம்பனிக்கு மாற்றுகிறீர்களா? வாடகைப்படி உண்டா? ஒரு வருடத்துக்குள் அங்கேயும் ஆட்குறைப்பு வந்தால் இன்றைய தொகை செல்லுமா?

எழுதி முடித்துவிட்டு, “பதில் வரமுன்னம் பதினாலு நாள் முடிஞ்சிட்டா?” என்றார்.

“கேள்வி போன திகதிக்குப் பதிவுத் தபால் துண்டு இருக்குமெல்லோ. அதைப் பத்திரமா வையும்.”

ஆறிப்போன பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தபால் கந்தோர் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டே எழுந்தார்.