சாப்பிடாத பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி

ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பிளஸ் டூ படிக்கும் பெண் சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். "டயட்டாம், என்னத்தச் சொல்ல" என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். பிள்ளை சாப்பிடவில்லை என்பது கண்ணில் படுகிறது. வாழவே பிடிக்காமல் போயிருக்குமோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டும்.

ஐந்தில் ஒன்று

எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடின்றி நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட உடலை வருத்துவது புலிமியா. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வின்படி, அனோரெக்சியா உள்ளவர்களிடையே நேர்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை. புலிமியாவிலும் தற்கொலை முயற்சிகள் அதிகம். ஆனால் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டில் தெரியாமலே போகிறது. ஆள் மெலியவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

பசி மனத்தை என்ன செய்யும்

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிவியலாளர், உடலும் மனமும் நன்றாயிருந்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். கலகலப்பாக இருந்தவர்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், மனச்சோர்வில் விழுந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கவே தொடங்கிவிட்டார்கள். பட்டினி மட்டுமே செய்த வேலை இது. அப்படியிருக்க, நம் பிள்ளையைப் பிடிவாதக்காரி என்பது என்ன நியாயம்?

இதற்குமேல் அவமானம் வேறு. கல்யாண வீட்டில் "என்னடி இப்படிப் பெருத்துட்டே?" என்று ஒரு அத்தை கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். பிள்ளையின் மனத்தில் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

நேராகவே கேளுங்கள்

சாப்பிட்டதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுப்பது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு ஆகியவை சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். தனியாக உட்காரவைத்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அது மூச்சுவிட்டது போலிருக்கும். ஆம் என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

இந்நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தையும் சேர்த்து அளிக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் உதவி எண் 1926. பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம்.