ஓடிய காலுக்கு ஓய்வு, மூச்சுக்கு சைக்கிள், கணக்குக்கு எக்செல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்செல்லை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "கட்டம் கட்டமாக இருக்கிறது, நமக்கு எதற்கு?" என்று மூடி விடுகிறார்கள். மளிகைக் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, இதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் காலில் காயம் பட்டு ஓட்டத்தை நிறுத்தி வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டங்கள் நல்ல துணை. எப்படி என்று பார்ப்போம்.

கால் ஏன் வலிக்கிறது?

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் விடியற்காலையில் ஓடுபவர்களை இப்போது நிறையப் பார்க்கலாம். பலர் பகல் முழுவதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். உட்கார்ந்தே இருந்த உடம்பை திடீரென்று பத்து கிலோமீட்டர் ஓடச் சொன்னால் முழங்கால், கெண்டைக்கால் எலும்பு, குதிகால் ஆகியவை முரண்டு பிடிக்கும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப் போல் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடை உள்ளவர் என்றால் 140 முதல் 210 கிலோ வரை. ஒரு கிலோமீட்டரில் இப்படி ஆயிரம் அடிகளாவது விழும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் இதற்குப் பழகி விடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது.

எலும்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் வலி, வீக்கம், இரவில் படுத்திருக்கும்போதும் வலி என்றால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சைக்கிள் ஓட்டலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக் கொள்ளுங்கள்.

கிராஸ் டிரெயினிங் என்றால் என்ன?

காயம் பட்ட இடத்திற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வேறு பயிற்சியால் உடம்பின் தெம்பைக் காப்பாற்றுவதுதான் கிராஸ் டிரெயினிங். நீச்சல், தண்ணீரில் ஓடுவது, சைக்கிள் மூன்றும் இதற்கு ஏற்றவை. நீச்சலுக்கு நம் பகுதியிலிருந்து வேளச்சேரி நீச்சல் வளாகம் வரை போக வேண்டும். சைக்கிள் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. சீட்டில் உட்காருவதால் நம் எடையை சைக்கிள் தாங்குகிறது. கால் சுற்றுகிறது, ஆனால் தரையில் மோதுவதில்லை.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட். 1984 ஏப்ரல் 25ல் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்கு மீதமிருந்தது 17 நாட்கள்தான். காலை அசைக்க முடியாத நாட்களில் உடற்பயிற்சி சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி மூச்சைப் பழக்கினார். மே 12ல் தேர்வுப் போட்டியில் வென்றார். ஆகஸ்ட் 5ல் லாஸ் ஏஞ்சல்சில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மராத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அவருடைய வேகம் நமக்கு வேண்டாம். பெடல் சுற்றிய யோசனை போதும்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. முன்னாள் சென்னை மேயர் மா. சுப்பிரமணியன் 2004ல் சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயம் அடைந்தவர். பல ஆண்டுகள் கழித்து ஓடத் தொடங்கி, நூறுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தார். காயம் பட்ட காலும் திரும்பும், நாம் அவசரப்படாமல் இருந்தால்.

ஏமாற்றும் தெம்பு

ஆறு வாரம் ஒழுங்காக சைக்கிள் ஓட்டினால் மூச்சு வாங்காது, படி ஏறினால் களைப்பு தெரியாது. "பழைய மாதிரியே ஓடலாம்" என்று மனது சொல்லும். இங்கேதான் ஆபத்து. சைக்கிள் இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்றியது. ஆனால் எலும்பு தரையில் மோதி மோதித்தான் உறுதியாகும். அந்த வேலையை சைக்கிள் செய்யாது. எனவே சைக்கிள் கணக்கை ஓட்டக் கணக்கோடு கூட்டக் கூடாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. இதை நினைவூட்டத்தான் எக்செல்.

எக்செல்லில் செய்ய வேண்டியது

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

1. முதல் வரிசையில் ஏ முதல் டி வரை உள்ள செல்களில் தேதி, ஓட்டம், சைக்கிள், வலி என்று தலைப்பு கொடுங்கள்.

2. ஓட்டத்தையும் சைக்கிளையும் கிலோமீட்டரில் எழுதாமல் நிமிடத்தில் எழுதுங்கள். கியர் சைக்கிள், எதிர்க்காற்று என்று தூரம் மாறிக் கொண்டே இருக்கும். நிமிடம் மாறாது.

3. வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். பயிற்சி முடிந்த உடனே போட வேண்டாம். மறுநாள் காலை எழுந்து முதல் சில அடிகள் நடந்த பிறகு போடுங்கள். உண்மை அப்போதுதான் தெரியும்.

4. இரண்டு முதல் எட்டு வரையிலான வரிசைகளில் ஏழு நாட்களையும் நிரப்பிய பின், பி9 செல்லில் கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். அந்த வார ஓட்டத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும். சி9ல் சைக்கிளுக்கும் இப்படியே செய்யுங்கள்.

5. பி10 செல்லில் சம அடையாளம் போட்டு, பி9 செல்லைக் கிளிக் செய்து, பெருக்கல் குறி போட்டு 1.1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடுத்த வாரம் நீங்கள் ஓடக்கூடிய உச்ச வரம்பு இது. இந்த வாரம் 40 நிமிடம் என்றால் அடுத்த வாரம் 44. வாரத்திற்குப் பத்து சதவீதத்திற்கு மேல் கூட்டக் கூடாது என்பது ஓட்டக்காரர்களின் பழைய விதி. சி9ல் 300 நிமிடம் இருந்தாலும் பி10 அசையாது. அதுதான் நமக்கு வேண்டும்.

6. வலி உள்ள செல்களை செலக்ட் செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று சென்று 3 என்று கொடுங்கள். மூன்றுக்கு மேல் போனால் கட்டம் சிவப்பாகும். சிவப்பு விழுந்த அன்று ஓட்டம் கிடையாது.

கண்ட்ரோல் + எஸ் அழுத்தி பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள்.

சைக்கிளில் கவனிக்க வேண்டியவை

புது சைக்கிள் தேவையில்லை. பிளஸ் 1 படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் மூலையில் கிடந்தால் அதுவே போதும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி வரும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். விரல் பக்கத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கும். இதுதான் சரியான உயரம்.

அழுத்தி மிதிக்காமல் வேகமாகச் சுற்றுங்கள். வலது முழங்கால் 15 விநாடியில் 20 முறை மேலே வந்தால் நிமிடத்திற்கு 80 சுற்று. அது நல்ல வேகம். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் இல்லை.

ஜி.எஸ்.டி. சாலை இதற்கு ஏற்றதல்ல. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்கள் பல அங்கிருந்து புறப்படுகின்றன. உட்புறத் தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் திறந்து, உங்கள் தெருவில் ரைட் கிளிக் செய்து, மெஷர் டிஸ்டன்ஸ் தேர்வு செய்து, வழியில் கிளிக் செய்து கொண்டே போனால் தூரம் தெரிந்து விடும். இருட்டில் போவதானால் பின்னால் சிவப்பு விளக்கு அவசியம்.

திரும்ப ஓடும் நாள்

மருத்துவர் அனுமதித்து, 30 நிமிடம் வேகமாக நடந்தும் வலி இல்லை என்றால் ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். எட்டு முறை செய்தால் போதும். ஓடியது எட்டு நிமிடம்தான், அதை மட்டும் ஓட்டக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டம், இடைப்பட்ட நாட்களில் சைக்கிள். ஓட்டக் கணக்கு மெதுவாகத்தான் ஏறும். அதன் போக்கிலேயே விடுங்கள்.